வைகைத் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைகைப் பாசன ஊர்களில் கண்மாய்க் கூட்டங்களுக்குப் போய்வருகிற பழக்கம் எனக்கு உண்டு. ஊர் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப்போகச் சிக்கலானவை.

வைகை எங்க தொடங்கி எங்க முடியுது?

தேனி மாவட்டத்தில் வருசநாட்டு மலைகளில் தொடங்குகிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களைத் தொட்டு, சுமார் 258 கிலோமீட்டர் போகிறது. ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிய பிறகு மிச்சம் இருந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலைத் தொடும். பல வருடங்களில் அந்த மிச்சம் இருப்பதில்லை.

ஆற்றை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். சுருளியாறு, கொட்டகுடி, வராகநதி, மஞ்சளாறு, மருதாநதி, சாத்தையாறு என்று வந்து சேருகிற எல்லாவற்றின் மழைப்பரப்பையும் கூட்டினால் ஏறத்தாழ 7,000 சதுர கிலோமீட்டர் வரும். இதுதான் வைகை வடிநிலம். இதற்குள் எங்கே மழை விழுந்தாலும், ஓடுகிற நீர் வைகையை நோக்கித்தான் வந்தாக வேண்டும். வழியில் யாரும் பிடிக்காவிட்டால்.

அரைவறட்சிப் பகுதின்னு சொல்றாங்க. மழைதான் பெய்யுதே?

பெய்கிறது, ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர். ஆனால் இங்குள்ள வெயிலும் காற்றும் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீரை ஆவியாக்கக்கூடியவை. பெய்கிற மழை, ஆவியாகக்கூடிய நீரில் பாதிக்கும் குறைவாகவும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலாகவும் இருந்தால் அது அரைவறட்சிப் பகுதி. மதுரைக்குக் கிழக்கே போகப்போக இதை உடம்பிலேயே உணரலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். 7,000 சதுர கிலோமீட்டரில் 850 மில்லிமீட்டர் என்றால் சுமார் 210 டி.எம்.சி. (இந்த அளவுக்கு விளக்கம் அடுத்த கேள்வியில்) வானத்திலிருந்து விழுகிறது. வைகை அணை முழுக்க நிறைந்தால் பிடிப்பது சுமார் 6 டி.எம்.சி. மீதியெல்லாம் கடலுக்குப் போய்விட்டதா என்றால் இல்லை. பெரும்பகுதி மண்ணில் ஊறி, செடி கொடி மரம் பயிர் வழியாகத் திரும்ப ஆகாயத்துக்கே போகிறது. ஆற்றில் ஓடுவது இந்த வரவில் சிறு பங்குதான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல கேள்விகளுக்கு வேண்டியிருக்கும்.

டி.எம்.சி., கனஅடின்னு செய்தியில சொல்றது எவ்வளவு தண்ணி?

ஒரு கனஅடி என்பது 28.3 லிட்டர். "1,000 கனஅடி திறப்பு" என்றால் ஒவ்வொரு நொடியும் அத்தனை கனஅடி. நொடிக்கு ஒரு கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 24.5 லட்சம் லிட்டர். டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி, அதாவது 2,830 கோடி லிட்டர். நொடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும்.

இன்னொன்று. வைகை அணையின் உயரம் 111 அடி, ஆனால் நீர்மட்டம் 71 அடி வரைதான் கணக்கு. "இன்னும் 40 அடி காலி" என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு; 71 அடிதான் முழு அளவு. அதுவும் போக, அடியில் வண்டல் படிந்திருப்பதால், 1959-ல் திறந்தபோது 71 அடிக்குப் பிடித்த நீரை இப்போது அதே 71 அடிக்குப் பிடிக்காது.

பெரியாத்துத் தண்ணி இல்லாட்டி வைகையே இல்லன்னு சொல்றாங்களே?

இன்றைய பாசனப் பரப்பை வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய உண்மை. மேற்கே ஓடி அரபிக்கடலில் சேருகிற பெரியாற்றை அணைகட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது ஜான் பென்னிகுவிக் தலைமையில் நடந்த வேலை. 1886-ல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டு குத்தகை, 1887-ல் வேலை தொடக்கம், 1895-ல் தண்ணீர். கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

அந்த நீரை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர், பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம், அதற்குக் கீழே மேலூர், திருமங்கலம் பக்கம் 1,05,002 ஏக்கர் ஒருபோகம் என்று ஆயக்கட்டு வளர்ந்தது. ஆனால் வைகை அதற்கு முன்னும் இருந்தது. சொந்த மழையை நம்பி, ஆற்றிலிருந்து கால் பிரித்துக் கண்மாய்களை நிரப்பி வாழ்ந்த ஊர்கள் அவை. அதைத்தான் பூர்வீகப் பாசனம் என்கிறோம். பெரியாற்று நீர் வந்த பிறகு சொந்த மழையைப் பிடிக்கும் கவனம் குறைந்துபோனது என்பது என் எண்ணம். பெரியாற்று அணை மட்டம் 136 அடியா 142 அடியா என்ற வழக்கு 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 என்று தீர்ப்புச் சொல்லும்வரை தலைப்புச் செய்தியாக இருந்தது. அந்த அக்கறையில் கால்வாசி, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களுக்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது மாசியிலும் ஆத்துல தண்ணி ஓடும். இப்ப ஏன் ஓடல? மழை குறைஞ்சுபோச்சா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்பவர்களின் குரலில் ஒரு வருத்தம் இருக்கும், எனக்கும் அது உண்டு. மழை வருடத்துக்கு வருடம் கூடும், குறையும். அரைவறட்சிப் பகுதியின் இயல்பே அது. ஆனால் மழை நின்று இரண்டு மாதம் கழித்து ஆற்றில் ஓடுகிற தண்ணீர் மழைத்தண்ணீர் அல்ல, நிலத்தடி நீர். இரு கரையிலும் நிலத்தடி மட்டம் ஆற்றின் அடிமட்டத்தைவிட உயரமாக இருக்கும்போது, அது மெல்ல ஆற்றுக்குள் கசியும். மாசியிலும் ஓடிய ஆறு அந்தக் கசிவுதான்.

ஏற்றமும் கமலையும் இருந்த காலத்தில் ஆளும் மாடும் இழுக்கிற அளவுக்குத்தான் கிணற்றிலிருந்து எடுக்க முடிந்தது. பிறகு ஆயில் இன்ஜின், மின்மோட்டார், அதற்கப்புறம் ஆழ்துளைக் கிணறு. 1990-லிருந்து தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசம். சிறு விவசாயிக்கு அது உயிர்காத்த உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எவ்வளவு எடுக்கிறோம் என்பதற்கு இருந்த கடைசிக் கடிவாளமும் போய்விட்டது. கரையோர நிலத்தடி மட்டம் ஆற்றின் அடிக்குக் கீழே இறங்கிய அன்றே கசிவின் திசை மாறிவிட்டது. இப்போது ஆறுதான் நிலத்துக்குக் கொடுக்கிறது. அணையில் திறந்த நீர் வந்து சேர நாள் கூடுவதற்கும் இது ஒரு காரணம்: வறண்ட படுகை முதலில் தான் குடித்துவிட்டுத்தான் அனுப்பும்.

மணல் எடுத்தா ஆறு ஆழமாகி நிறையத் தண்ணி நிக்கத்தானே செய்யும்?

நியாயமாகத் தோன்றும், ஆனால் நேர்மாறு. நீர் ஊறிய ஒரு கனமீட்டர் மணலில் கிட்டத்தட்ட 250 முதல் 300 லிட்டர் இருக்கும். மேலே இரண்டு மூன்று அடி காய்ந்த பிறகு அதற்குக் கீழே உள்ளதை வெயிலால் எளிதில் எடுக்க முடியாது. திறந்த குழியில் நிற்கிற நீரோ ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆவியாகும். மணல் என்பது மூடி போட்ட தொட்டி.

மானாமதுரைக்குக் கீழே ஒரு பாட்டி ஆற்றுக்குள் ஊற்றுத் தோண்டுவதைப் பார்த்திருக்கிறேன். சிரட்டையால் முழங்கை ஆழம் பறித்துவிட்டு, காத்திருந்தார். முதலில் மணலின் நிறம் கருத்தது, பிறகு பக்கவாட்டிலிருந்து கண்ணாடி மாதிரி நீர் எழும்பியது. கலங்கலை இரண்டு தரம் இறைத்துக் கொட்டிவிட்டு மூன்றாவதைக் குடத்தில் ஊற்றினார். அதே இடத்தில் மணல் போய் களியும் பாறையும் வெளியே தெரியும் நாளில் ஊற்றும் இல்லை, குடிநீர்த் திட்டத்துக்கான உறைகிணறும் இல்லை. அப்புறம் படுகை இறங்கினால் பக்கத்துக் கால்வாய்த் தலைமடை உயரத்தில் நின்றுவிடும். தண்ணீர் ஆற்றில் போனாலும் கால்வாயில் ஏறாது.

என் நிலத்துல நான் போர் போடுறேன். அடுத்தவனுக்கு என்ன நஷ்டம்?

வைகை வடிநிலத்தின் பெரும்பகுதி கடும்பாறை. மேலே சிதைந்த பாறையும் மண்ணும் கொஞ்ச ஆழம். அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டுமே நீர். நிலத்துக்கு அடியில் ஏரி இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வெடிப்பு பத்து நிலத்துக்கு அடியில் ஓடலாம். ஆழமாகப் போனவர் எடுக்க, மேலே உள்ள கிணறு வற்றும். போர் 800 அடி, 1,000 அடி என்று போகிறதே தவிர, மழை அந்த ஆழத்துக்கு இறங்கும் வேகம் மாறவில்லை.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு ஊறுவதையும் எடுப்பதையும் ஒப்பிட்டு வகைப்படுத்துகிறது. எடுப்பது ஊறுவதில் 70 விழுக்காடு வரை என்றால் பாதுகாப்பு, 90 வரை ஓரளவு நெருக்கடி, 100 வரை நெருக்கடி, அதற்கு மேல் அளவுமீறிய சுரண்டல். உங்கள் பிர்கா (வருவாய்க் குறுவட்டம்) எந்த வகை என்று தெரிந்துகொண்டு போர் போடுவது பற்றி யோசியுங்கள்.

கண்மாயை எவ்வளவு ஆழமா தோண்டுறோமோ அவ்வளவு நல்லதுதானே?

இல்லை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்த நீர் வயலுக்குத் தானாகப் பாயாது. கால்நடைக்கும் மீனுக்கும் ஊறுவதற்கும் கொஞ்சம் பள்ளம் தேவைதான். ஆனால் நீர் நிற்கும் உள்வாய் முழுக்க ஆழப்படுத்தினால், முதல் இரண்டு மழை அந்தப் பள்ளத்தை நிரப்பவே போய்விடும், ஆயக்கட்டு காய்ந்து கிடக்கும். கரையை ஒட்டித் தோண்டினால் கரை சரியும்.

தூர்வாருவது வேறு, மண் அள்ளுவது வேறு. மேலே படிந்த கரம்பையை எடுத்து வயலில் போடுவது தூர்வாருதல்; மண்ணுக்கும் நல்லது, கண்மாய்க்கும் நல்லது. அதற்குக் கீழே உள்ள சவுடு வரைக்கும் எந்திரத்தை இறக்கி லாரியில் ஏற்றினால் அது வியாபாரம். 2017-ல், ஊர்க்காரர்களே கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து மறுபடியும் தொடங்கியபோது சில ஊர்களில் முதலாவது நடந்தது, சில ஊர்களில் இரண்டாவது.

போன வருசம் நல்ல மழை. பக்கத்துக் கண்மாய் நிறைஞ்சு மறுகால் போச்சு. எங்களுது மட்டும் பாதிகூட நிறையல. ஏன்?

வரத்துக்காலை நடந்து பாருங்கள். நான் சொல்லும் ஒரே மருந்து இது. கண்மாயிலிருந்து மேல்நோக்கி, தண்ணீர் வரும் வழியிலேயே, மழைக்கு முன்பு ஒரு தரம், மழைக்கு நடுவில் ஒரு தரம். ஒரு ஊரில் நாங்கள் ஏழு பேர் இப்படி நடந்தோம். மூன்றாவது கிலோமீட்டரில் புதிதாகப் போட்ட சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம் ஒன்று. குழாயின் வாய் வாய்க்காலின் அடிமட்டத்தைவிட முழங்கால் உயரம் மேலே இருந்தது. அதற்கு மேலே ஒரு குளம்போல நீர் நிற்கிறது, கீழே புழுதி பறக்கிறது. ஆறு வருடமாக அந்த ஊர் மழையைத் திட்டிக்கொண்டிருந்தது.

மனை பிரித்தது, வாய்க்காலையே பாதையாக்கியது, குப்பை கொட்டியது என்று மற்ற காரணங்களும் உண்டு. மதுரையைச் சுற்றியிருந்த பல கண்மாய்கள் குடியிருப்பாகவும் அலுவலகமாகவும் மாறியபோது, அவற்றின் மறுகாலை நம்பியிருந்த கீழ்க்கண்மாய்களும் சேர்ந்தே செத்தன. நம் கண்மாய்கள் சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி போனால் கீழே உள்ளதெல்லாம் மானாவாரி.

சீமைக்கருவேலத்தை வெட்டினா நிலத்தடி நீர் ஏறிடுமா?

கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் இருப்பதை வேரோடு எடுக்கத்தான் வேண்டும். அது வண்டலைப் பிடித்து வைக்கிறது, நீர் நிற்கும் இடத்தை அடைக்கிறது, நீரோட்டத்தை மறிக்கிறது. வெறுமனே வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்கு தழைக்கும்.

ஆனால் "அதுதான் நிலத்தடி நீரையெல்லாம் குடித்துவிட்டது" என்பதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். மோட்டார் எடுத்ததை மரத்தின் தலையில் போடுகிறோம். ராமநாதபுரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த மரத்தில் போடும் கரிமூட்டம்தான் சோறு போடுகிறது. தரிசு நிலத்தில் உள்ளதை அகற்றும்போது அந்த வருமானத்துக்குப் பதில் என்ன என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

தடுப்பணை எத்தனை கட்டினாலும் லாபம்தானே?

கட்டுகிற இடத்துக்கு லாபம். தண்ணீர் ஊறும், சுற்றுக் கிணறுகள் ஏறும். ஆனால் முன்னால் பார்த்த 210 டி.எம்.சி. கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: ஓடுவது சிறு பங்குதான். ஓடை ஒன்றில் வரிசையாகப் பத்துத் தடுப்பணை போட்டால், சுமாரான மழைக்கு எல்லாம் மேலேயே நின்றுவிடும். வெள்ள வருடத்தில் பிரச்சினை தெரியாது. வறட்சி வருடத்தில்தான் கீழ்க்கண்மாய்க்காரர்கள் தெரிந்துகொள்வார்கள். தடுப்பணை தண்ணீரை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. கீழே யாருடைய கண்மாய் அந்த ஓடையை நம்பியிருக்கிறது என்று கேட்காமல் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சொட்டுநீருக்கு மாறிட்டேன். தண்ணி மிச்சம்தானே?

உங்கள் மோட்டார் ஓடும் நேரம் குறைந்திருந்தால், ஆம். ஆனால் வழக்கமாக நடப்பது வேறு. ஒரு ஏக்கருக்கு இருந்த நீரில் இப்போது இரண்டு ஏக்கர் பாயும் என்றதும் தரிசாகக் கிடந்த இரண்டாவது ஏக்கரிலும் தென்னை நட்டுவிடுவோம். முன்பு வாய்க்காலில் பாய்ச்சும்போது பயிருக்குப் போக மீதி மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குத் திரும்பியது. இப்போது அந்த மீதியும் இலைவழியாக ஆகாயத்துக்குப் போகிறது. வயல் கணக்கில் சேமிப்பு, வடிநிலக் கணக்கில் செலவு.

குற்றமாகச் சொல்லவில்லை, வருமானம் கூடுவது நல்ல விஷயம். சொட்டுநீர் போட்டு, பரப்பையும் கூட்டாமல் இருந்தால்தான் நிலத்தடியில் மிஞ்சும்.

நெல்லை விட்டாலே பாதி பிரச்சினை தீர்ந்துடாதா?

ஒரு ஏக்கர் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் என்று வைத்தால் 48 லட்சம் லிட்டருக்கு மேல். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்ற குடிநீர்க் கணக்கில் இது 240 பேருக்கு ஒரு வருடத் தண்ணீர். ஆகவே கேள்வி சரிதான். ஆனால் கண்மாய்க்குக் கீழே உள்ள நஞ்சை ஐப்பசி கார்த்திகையில் நீர் நிற்கும் களிமண். அந்த நேரத்தில் அங்கே வேறு எது போட்டாலும் அழுகும். வடகிழக்குப் பருவத்து ஒருபோக நெல்லில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர்த்தண்ணீரில் கோடை நெல்லும் கரும்பும் போடுவதைத்தான் முதலில் விட வேண்டும்.

அணையை மூடிவச்சா ஆவியாகாதில்ல?

2017-ல் வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள், காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. எண்ணம் புதிதல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2015-ல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடிக் கருப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். முக்கியமாக, வெயில் பட்டுக் குடிநீரில் வேண்டாத வேதிப்பொருள் உண்டாவதைத் தடுக்கத்தான். அது சின்னத் தேக்கம். பல சதுர கிலோமீட்டர் விரிந்து, மட்டம் ஏறி இறங்குகிற அணைக்கு அது ஒத்துவராது. மூடி வேண்டுமென்றால் இயற்கை கொடுத்த மூடி மணலும் மண்ணும்தான்.

கடல்ல கலந்து வீணாப்போற தண்ணியை நிறுத்தணும்னு எல்லாக் கட்சியும் சொல்லுதே?

வைகையில் நிறுத்துவதற்கு எவ்வளவு இருக்கிறது என்று முதல் பதிலைப் பாருங்கள். போகிற வருடத்திலும் அது முழுக்க வீண் இல்லை. முகத்துவாரத்தில் இறால், மீன் குஞ்சுகளுக்கு நன்னீர் கலப்பு வேண்டும். வயல்களிலிருந்து கழுவி வந்த உப்பு வெளியேற வழி வேண்டும். ஆறு கடலுக்குப் போகவே இல்லை என்றால் அந்த உப்பு கடைமடை நிலத்திலேயே தங்கும். ராமநாதபுரத்தில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மதுரைக்குக் கீழ ஆத்துல வருசம் பூரா தண்ணி நிக்குதே, அதைப் பாய்ச்சலாமா?

அதில் பெரும்பகுதி சாக்கடை. சுத்திகரித்த நீர் என்றால் தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் நல்ல ஆதாரம். வறண்ட மாதத்திலும் குறையாத ஒரே வரவு அதுதான், நகரம் வளர வளர அதுவும் வளரும். சுத்திகரிக்காதது என்றால் கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் கண்டிப்பாகக் கூடாது. ஆற்றுப்படுகையில் இறங்கினால் கீழ் ஊர்களின் உறைகிணற்றுக்கும் போகும். ஆகவே கழிவுநீர் மதுரைக்காரர் பிரச்சினை மட்டும் அல்ல, திருப்புவனத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்வி.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு வந்துட்டா எல்லாம் சரியாகிடும்ல?

2021-ல் அடிக்கல் நாட்டப்பட்ட திட்டம். காவிரியில் உள்ள மாயனூர் கதவணையிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர் கால்வாய். கொண்டுவரப் போவது காவிரியின் வெள்ள உபரி. காவிரியில் வெள்ளம் வரும் வருடத்தில், வரும் நாட்களில் மட்டும் கிடைக்கும். சில நாட்களில் வேகமாக வருகிற நீரை வாங்கி வைக்க நம்மிடம் இருப்பவை கண்மாய்கள்தான். முழங்கால் உயரத்தில் குழாய் பதித்த அந்த வரத்துக்கால் அப்படியே கிடந்தால், காவிரியே வந்தாலும் அந்த ஊர்க் கண்மாய் நிறையாது.

சரி, எங்க ஊர்ல நாளைக்கே நாங்க என்ன செய்ய முடியும்?

மூன்று வேலை. கிணற்று மட்டத்தை அளந்து எழுதுங்கள், தை மாதம் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை. கயிறும் கல்லும் பள்ளிக்கூட நோட்டும் போதும், ஐந்து கிணறு போதும். மூன்று வருடக் கணக்குக் கையில் இருந்தால் ஊர்க்கூட்டத்தில் பேச்சே மாறிவிடும். அடுத்து, கிராம வரைபடத்தை வாங்கி அதில் வரத்துக்காலையும் மறுகாலையும் குறித்துக்கொண்டு, மேலே சொன்னதுபோல் நடந்து பாருங்கள்.

மூன்றாவது, உங்களுக்கு மேலே உள்ள கண்மாய்க்காரரையும் கீழே உள்ளவரையும் ஐப்பசிக்கு முன்பு ஒருநாள் உட்காரவைத்துப் பேசுங்கள். எந்த மடையை யார் எப்போது திறப்பது, மறுகால் போனால் யாருக்குத் தகவல் என்று. முன்பு நீர்பாய்ச்சி என்ற ஊர்ப் பணியாளர் பார்த்துக்கொண்ட வேலை இது. பல ஊர்களில் அவருக்குக் கூலியாக நெல் அளப்பது நின்றுபோய் ஆளும் இல்லாமல் போனது. இருக்கிற ஊர்க்காரர்கள் அவரை விட்டுவிடாதீர்கள். எந்த மடைப்பலகை எந்த வருடம் மாற்றியது என்பது வரை அவருக்குத்தான் தெரியும்.